குழந்தையின் தலையில் மஞ்சள் பொருக்கு: அது அழுக்கு இல்லீங்க! வீட்டிலேயே என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

போன மாதம் ஒருநாள் இரவு 11.30 மணி இருக்கும். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. இரண்டு மாதக் குழந்தையின் உச்சந்தலை. முடிக்கு நடுவே மஞ்சளாக, மெழுகு உருகிக் காய்ந்த மாதிரி திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தப்புள்ளி. கூடவே ஒரு மெசேஜ்: “பேன் சீப்பால லேசாத்தான்டா எடுத்தேன். ரத்தம் வந்துடுச்சு. பயமா இருக்கு.”

அன்று மாலை குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “தலையில இவ்ளோ அழுக்கு அடைஞ்சிருக்கே, ஒழுங்கா குளிப்பாட்டறதில்லையா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான். அவர் கிளம்பியதும் அக்கா பேன் சீப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, காயத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அந்த போட்டோவில் இருந்த ரத்தத்துக்குக் காரணம் அந்தப் பொருக்கு இல்லை. அதை அழுக்கு என்று நினைத்த அவசரம்தான் காரணம்.

கைக்குழந்தை இருக்கும் நிறைய வீடுகளில் இது நடக்கிறது. அதனால் தலையில் வரும் இந்த மஞ்சள் பொருக்கு என்ன, ஏன் வருகிறது, வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

இது என்ன?

ஆங்கிலத்தில் இதை ‘கிரேடில் கேப்’ என்கிறார்கள். தொட்டில் குழந்தையின் தலையில் தொப்பி போட்ட மாதிரி படிவதால் அந்தப் பெயர். மருத்துவப் பெயர் ‘செபோரிக் டெர்மடைடிஸ்’. பெரியவர்களுக்கு வரும் பொடுகுக்கு இது நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாகப் பிறந்த சில வாரங்களில், பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள் தொடங்கும். மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு, செதில் செதிலாக இருக்கும். சில குழந்தைகளுக்குப் புருவத்தில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில்கூட வரும். நம்மூர்க் குழந்தைகளின் தோல் நிறத்துக்கு, அந்த இடம் சிவப்பாகத் தெரியாமல் சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளுத்தோ கருத்தோ தெரியலாம்.

இதில் முக்கியமான விஷயம், பார்க்கிற நமக்குத்தான் சங்கடம். குழந்தைக்குப் பெரும்பாலும் வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. அது பாட்டுக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

அப்போ ஏன் வருது?

ஒரே காரணம் இதுதான் என்று மருத்துவம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்வதாகப் பொதுவாக விளக்குகிறார்கள்.

முதலாவது, ஹார்மோன். வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் ஹார்மோன்கள் பிறந்த பிறகும் கொஞ்ச நாள் உடம்பில் தங்கியிருக்கும். அவை தலைத்தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. சுரக்கும் எண்ணெயில், உதிர வேண்டிய பழைய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடை அடையாகப் படிகின்றன.

இரண்டாவது, ‘மலசேசியா’ என்ற ஈஸ்ட். இது நம் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகவே வாழ்கிற ஒன்று. இதற்குச் சாப்பாடே தோலில் சுரக்கும் எண்ணெய்தான். எண்ணெய் அதிகமாகும் இடத்தில் இதுவும் பெருகி, தோலைக் கொஞ்சம் எரிச்சலூட்டும்.

இதில் எங்கேயாவது ‘ஒழுங்காகக் குளிப்பாட்டாத அம்மா’ வருகிறாளா? இல்லை. இது அழுக்கு இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பக்கத்தில் படுக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒட்டாது. “நீ கத்தரிக்காய் சாப்பிட்டே, அதான் பிள்ளைக்குத் தலையில வந்திருக்கு” என்று பால் கொடுக்கும் அம்மாவின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஆதாரம் இல்லை. பிரசவம் முடிந்த உடம்புக்கு நல்ல சாப்பாடு வேண்டும். கத்தரிக்காயை விட்டுவிடுங்கள், அது பாவம்!

வீட்டில் செய்யக்கூடிய மென்மையான வழி

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஊறவைப்பது, தளர்த்துவது, அலசுவது. அவ்வளவுதான்.

1. குளிப்பாட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஸ்பூன் அளவே அதிகம். அடுப்பில் சூடாக்க வேண்டாம். கையின் சூடே போதும். பொருக்கு இருக்கும் இடத்தில் விரல் நுனியின் சதைப்பகுதியால் மெதுவாகத் தடவுங்கள். நகம் படக் கூடாது.

2. சுமார் 15 நிமிடம் ஊற விடுங்கள். அடை தடிமனாக இருந்தால் ஒரு மணி நேரம் வரை விடலாம்.

3. குழந்தைகளுக்கான மென்மையான தலை பிரஷ் அல்லது நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் லேசாக வருடுங்கள். தளர்ந்தது தானாக வரும். வராததை விட்டுவிடுங்கள், அது நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும். இழுத்து எடுத்தால் அதோடு சேர்ந்து முடியும் தோலும் வரும்.

4. வெதுவெதுப்பான நீரில், வாசனை அதிகமில்லாத பேபி ஷாம்பு கொஞ்சம் போட்டு எண்ணெய் முழுவதும் போகும்படி அலசுங்கள். இந்தப் படியைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறோம். எண்ணெய் தேய்த்து அப்படியே விட்டால் செதில்கள் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஈஸ்டுக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். எண்ணெயின் வேலை ஊறவைப்பது மட்டும்தான்.

5. மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். ஒரே நாளில் தலை பளிச்சென்று ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறைய சில வாரங்கள் ஆகும். போய்விட்டுத் திரும்பவும் வரலாம். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. செதில் உதிரும்போது கூடவே கொஞ்சம் முடியும் உதிரலாம். அது திரும்ப வளரும்.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, குழந்தைகளின் இந்தப் பிரச்சினைக்கான சிகிச்சைகளை 2019-ல் ஆராய்ந்தது. கிடைத்தது 6 ஆய்வுகள்தான். எல்லாவற்றிலும் சேர்த்து 310 குழந்தைகள். எந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. எண்ணெயும் பேபி ஷாம்புவும் பரிந்துரைக்கப்படுவது அவை அதிசய மருந்து என்பதால் அல்ல. தானாகப் போகப்போகிற ஒன்றுக்கு, தீங்கு குறைவான வழி அது என்பதால்தான். அதனால் ‘மூணே நாள்ல மாயம்’ என்று யாராவது விற்றால் பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது?

நம் வீடுகளில் முதல் சண்டையே இங்கேதான். அம்மா தேங்காய் எண்ணெய் என்பார், மாமியார் விளக்கெண்ணெய் என்பார், யூடியூப் ஆலிவ் ஆயில் என்று சொல்லும்.

தேங்காய் எண்ணெய்: எதுவும் கலக்காத சுத்தமான தேங்காய் எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவி அலசிவிடலாம். மூலிகை, வாசனை, பச்சை நிறம் எல்லாம் சேர்த்த கூந்தல் தைலம் வேண்டாம்.

மினரல் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி: கடையில் பேபி ஆயில் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது மினரல் ஆயில்தான். இரண்டுமே ஊறவைக்கப் போதுமானவை. வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

ஆலிவ் ஆயில்: விலை அதிகம் என்பதால் ஒசத்தி என்று நினைக்கிறோம். ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்பு அடுக்கைப் பலவீனப்படுத்துவதாகத் தெரிந்தது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆய்வு பெரியவர்களின் தோலில்தான் நடந்தது. ஆனால் பெரியவர்களுக்கே இப்படி என்றால், பச்சைக்குழந்தைக்கு எதற்கு? பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் இதற்கு ஆலிவ் எண்ணெய் வேண்டாம் என்கிறது.

கடலை எண்ணெய்: இதுவும் வேண்டாம். எரிச்சலடைந்த தோலில் கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவுவதற்கும், பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை வருவதற்கும் தொடர்பு இருப்பதாக 2003-ல் பிரிட்டன் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மரச்செக்கு எண்ணெய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சுத்திகரித்த எண்ணெயில் பெரும்பாலும் நீங்கிவிடும் கடலைப் புரதம், செக்கில் ஆட்டியதில் அப்படியே இருக்கும். சாப்பாட்டுக்கு நல்லது என்பது வேறு, புண்பட்ட பிஞ்சுத் தோலுக்கு நல்லது என்பது வேறு.

கடுகு எண்ணெய்: தோலை எரிச்சலூட்டும். தவிர்த்துவிடுங்கள்.

விளக்கெண்ணெய்: ரொம்பப் பிசுபிசுப்பு. சின்னத் தலையில் தேய்த்துவிட்டு அதை எடுக்க ஷாம்புவை மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கும். தேவையா?

இதையெல்லாம் செய்யவே கூடாது

கற்பூரம் போட்ட எண்ணெய்: பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். சளிக்கும் பேனுக்கும் பொடுகுக்கும் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்க்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும் அளவுக்கு அது நஞ்சு. வாயில் போனால் மிகச் சிறிய அளவே ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூர டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எலுமிச்சை, வினிகர், பேக்கிங் சோடா: பெரியவர்களின் பொடுகுக்கு ரீல்ஸில் சொல்லப்படும் வைத்தியங்கள் இவை. குழந்தையின் தோலை இவை எரித்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம்கூட வரலாம்.

தேன்: தலையில் தடவினால் அது கைக்குப் போகும், கை வாய்க்குப் போகும். ஒரு வயதுக்குள் தேன் உள்ளே போவது, ‘பாட்டுலிசம்’ என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம்.

சீயக்காய், பயத்தமாவு, கடலைமாவு: பாட்டி காலத்துப் பழக்கம்தான். ஆனால் பொருக்கு இருக்கும் நேரத்தில் நறநறவென்று தேய்ப்பது தோலைச் சிராய்க்கும். அலசாமல் தங்கும் மாவு செதிலோடு சேர்ந்து காய்ந்து இன்னும் கெட்டியாகும். சீயக்காய் கண்ணில் பட்டால் குழந்தை படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களின் பொடுகு ஷாம்பு: அதிலும் ‘சாலிசிலிக் ஆசிட்’ இருப்பது கூடவே கூடாது. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு நம்மைவிட மிக அதிகம். அதனால் தடவுவது நிறையவே உள்ளே போகும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் க்ரீம்: “பையனுக்குத் தலையில அலர்ஜி, ஏதாவது கொடுங்க” என்று கேட்டால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைத் திருத்தியது. தேவைப்பட்டால் டாக்டரே மிதமான ஸ்டீராய்டோ பூஞ்சைக்கு எதிரான ஷாம்புவோ, எத்தனை நாள் என்று சொல்லி எழுதித் தருவார். நாமாக வேண்டாம்.

நகம், பேன் சீப்பு, ஈருளி: என் அக்கா செய்தது இதைத்தான். உரித்தெடுத்த இடம் புண்ணாகும், அதில் கிருமி சேரும். அதன் பிறகுதான் ஒன்றுமில்லாத விஷயம் நிஜமான பிரச்சினையாகிறது.

எண்ணெய்க் குளியல் நாளில் இன்னும் மூன்று விஷயம்

தலையில் எண்ணெய் வைக்கிற கையோடு மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடுவது சில வீடுகளில் வழக்கம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். ப்ளீஸ், வேண்டாம்.

குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அப்படித்தான். அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்குக் கெடுதல். முடி காய துண்டு போதும்.

அடுத்து உச்சிக்குழி. அங்கே கை பட்டால் மூளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, அந்த இடத்தை மட்டும் கழுவாமல் விடுகிறோம். கடைசியில் பொருக்கு தடிமனாகச் சேருவதும் அங்கேதான். உச்சிக்குழியின் மேல் உறுதியான சவ்வு இருக்கிறது. மெதுவாகத் தடவி அலசுவதால் ஒன்றும் ஆகாது. அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

மொட்டை போட்டால் சரியாகிவிடுமா?

“சீக்கிரம் குலதெய்வக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுடுங்க, எல்லாம் போயிடும்” என்பதும் அடிக்கடி கேட்கிற யோசனை. இந்தப் பொருக்கு வருவது தோலிலிருந்து. முடியை எடுப்பதால் எண்ணெய் சுரப்பது நிற்காது. பொருக்கு மேடாக இருக்கும்போது கத்தி வைத்தால் வெட்டுப்படும் ஆபத்துதான் கூடுதல். வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். தலை தெளிந்த பிறகு போடுங்கள், புது பிளேடு போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் பொருக்கும் போயிருக்கும், மொட்டைக்கான நேரமும் வந்திருக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

- பொருக்கு இருக்கும் இடத்தில் ரத்தமோ நீரோ சீழோ கசிந்தால், வீங்கினால், கெட்ட வாடை வந்தால்
- காய்ச்சல் வந்தால், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்திருந்தால்
- முகம், உடம்பு என்று பரவிக்கொண்டே போனால்
- குழந்தை தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், அரிப்பால் தூங்காமல் அழுதால். இது எக்ஸிமாவாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்
- முடி வட்டமாகக் கொட்டினால்
- பொருக்கோடு சேர்த்து சிவப்பு, ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது வயிற்றுப்போக்கும் எடை கூடாமல் இருப்பதும் சேர்ந்து வந்தால். இது அரிது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்
- சில வாரங்கள் மென்மையாகப் பராமரித்தும் குறையவே இல்லை என்றால், ஒரு வயது தாண்டியும் இருந்தால்

தனியாக ஓடக்கூட வேண்டியதில்லை. பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசிக்கு எப்படியும் போவோம். சாதாரணப் பொருக்கு என்றால் அப்போது தொப்பியைக் கழற்றி ஒருமுறை காட்டிவிட்டாலே போதும்.

கடைசியா ஒண்ணு

குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில மாதங்களில் அந்த அம்மா தூங்குவதே துண்டு துண்டாகத்தான். அந்த நேரத்தில் “அழுக்கு”, “ஒழுங்கா குளிப்பாட்டலையா” என்று போகிறபோக்கில் சொல்லும் ஒரு வாக்கியம், நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த வீட்டிலேயே இருக்கும். தலையில் பொருக்கைப் பார்த்தால், “நிறைய குழந்தைங்களுக்கு வர்றதுதான், தானா போயிடும்” என்று சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால், “நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன், நீ போய்த் தூங்கு” என்று சொல்லுங்கள். அதைவிட மென்மையான வீட்டு வைத்தியம் வேறில்லை.

அக்கா பேன் சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பாப்பாவின் தலையில் இன்னும் கொஞ்சம் பொருக்கு மிச்சமிருக்கிறது. நேற்று வந்த போட்டோவில் அதோடுதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, ஏற்கெனவே தோல் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் எதைத் தடவும் முன்பும் உங்கள் குழந்தை நல மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)